பென் டிரைவ் கையில், கணக்கு திரையில்!

பென் டிரைவைச் செருகியதும் நீங்கள் என்ன செய்வீர்கள்? விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் 'இ' டிரைவ் அல்லது 'எப்' டிரைவ் என்று ஒரு படம் வரும். டபுள் க்ளிக் செய்து பைலைத் திறப்பீர்கள். பென் டிரைவை உருவினால் அந்தப் படமும் போய்விடும். இதில் குழப்பம் ஏதும் இல்லை. இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை.

லினக்ஸில் அப்படி அல்ல. பென் டிரைவ் இல்லாமலேயே அது இருப்பது போன்ற தோற்றத்தை லினக்ஸ் தரமுடியும். இது தெரியாமல், சரியாகச் சொன்னால் பாதி மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு, ஓர் அம்மாவை நாலு பேர் முன்னால் பொய் சொல்பவராக ஆக்கிவிட்டேன். அந்தத் தவறு எப்படி நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தேன், இப்போது என் கருவியை எப்படி அமைத்திருக்கிறேன் என்பதுதான் இந்தக் கட்டுரை. ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்கள், பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டிருப்பவர்கள், 2022ல் வந்த ஸ்டீம் டெக் போன்ற கையடக்க லினக்ஸ் கருவிகளை வாங்கியவர்கள் என எல்லோருக்கும் இதில் ஏதாவது பயன்படும்.

டிபன் பாக்ஸ் பிறந்த கதை

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் உண்டு. வீட்டுக்கு மாதம் 200 ரூபாய் சந்தா. தெருவில் மாட்டியிருக்கும் கேமரா, இரவுக் காவலர், மழைக்காலத்துக்கு முன் வடிகால் அடைப்பு எடுப்பது என்று செலவுகள். நான்தான் பொருளாளர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அலமாரியின் அடித்தட்டில் இருந்த ரசீதுப் புத்தகங்கள் ஊறிக் கூழாகிவிட்டன. இனி காகிதமே வேண்டாம் என்று அப்போது முடிவு செய்தேன்.

ரிச்சி தெருவுக்குப் போய் ராஸ்பெர்ரி பை 3 ஏ பிளஸ் ஒன்று, 5 அங்குலத் தொடுதிரை ஒன்று, ஒரு பவர் பேங்க் வாங்கினேன். 2018ல் வெளியான இந்தப் பலகையில் ராம் 512 எம்பி. யுஎஸ்பி போர்ட் ஒன்றே ஒன்று. மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸில் அடக்கி, மூடியில் திரைக்கு ஓட்டை போட்டேன். வீட்டில் அதன் பெயரே டிபன் பாக்ஸ் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், வீட்டு எண்ணையும் தொகையையும் தட்டினால், பைத்தானில் நான் எழுதிய சின்ன புரோகிராம் ஒரு பைலின் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடும்.

இதற்கு செல்போன் போதாதா என்று கேட்பீர்கள். போதும். என் மகளும் அதையேதான் கேட்டாள். ஆனால் சொந்தமாக ஒன்று செய்து பார்ப்பதில் இருக்கும் ஆசை அந்தக் கேள்விக்கு அடங்குவதில்லை.

நம் நாட்டில் இந்த ஆசைக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் சாப்ட்வேர் நிறுவனத்தாரும் சேர்ந்து 2001ல் அறிமுகம் செய்த சிம்ப்யூட்டர்தான் அது. உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டர். ஆப்பரேட்டிங் சிஸ்டம் லினக்ஸ். 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்டிராங்ஆர்ம் பிராசஸர். 2004ல் பிகோபெட்டா நிறுவனம், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து அமிடா சிம்ப்யூட்டர் என்ற பெயரில் அதைக் கடைக்குக் கொண்டு வந்தது. கர்நாடக அரசு நில ஆவணப் பணிக்கு சிம்ப்யூட்டரைப் பயன்படுத்தியது. ஆனாலும் எதிர்பார்த்த அளவுக்கு விற்பனை ஆகவில்லை. செல்போன் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

சிம்ப்யூட்டரில் எனக்குப் பிடித்தது அதன் ஸ்மார்ட் கார்டு யோசனை. ஊருக்கு ஒரு கருவி இருக்கும். ஆளுக்கு ஒரு கார்டு இருக்கும். உங்கள் விவரம் உங்கள் கார்டில், கருவி பொது. கார்டைச் செருகினால் கருவி உங்களுடையது, எடுத்தால் அடுத்தவருடையது. அதாவது இயங்கும் சாதனம் வேறு, அதில் சேரும் தகவல் வேறு என்று பிரித்து வைத்தார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மைக்ரோ எஸ்டி கார்டிலும், சங்கக் கணக்கைத் தனியாக ஒரு பென் டிரைவிலும் வைத்தேன். பெட்டி கெட்டுப்போனாலும் பென் டிரைவைத் தலைவரிடம் கொடுத்தால் அவருடைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துக்கொள்வார். நல்ல யோசனைதான். செய்த விதத்தில்தான் ஓட்டை.

மவுண்ட் என்றால் என்ன?

லினக்ஸில் சி, டி, இ என்ற டிரைவ் எழுத்துக்கள் கிடையாது. எல்லாம் ஒரே மரம். அதன் வேருக்கு ரூட் என்று பெயர். பென் டிரைவைச் செருகினால் அது தனி மரமாக நிற்காது. ஏற்கெனவே உள்ள ஏதாவது ஒரு போல்டரில் அதை ஒட்ட வேண்டும். இப்படி ஒட்டுவதுதான் மவுண்ட். ஒட்டும் இடம் மவுண்ட் பாயிண்ட். நான் என் ஹோம் போல்டருக்குள் 'கணக்கு' என்று ஒரு காலி போல்டர் உருவாக்கி, பென் டிரைவை அங்கே மவுண்ட் செய்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மவுண்ட் பாயிண்ட் என்பது எஸ்டி கார்டில் இருக்கும் சாதாரண போல்டர். பென் டிரைவ் மவுண்ட் ஆகாத நேரத்தில் அது காணாமல் போவதில்லை. அங்கேயே இருக்கும். அதில் பைல் போட்டால் வாங்கிக்கொள்ளும். பிறகு பென் டிரைவ் மவுண்ட் ஆனால், மேஜை மேல் கிடக்கும் காகிதத்தின் மேல் விரிப்பைப் போட்டது மாதிரி, முன்பு போட்ட பைல் அடியில் மறைந்துவிடும். அழியாது. ஆனால் கண்ணில் படாது.

பெட்டியை ஆன் செய்யும்போதெல்லாம் தானாக மவுண்ட் ஆக வேண்டும் என்றால், ஈடிசி என்ற போல்டரில் உள்ள எப்எஸ்டேப் என்ற பைலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரியில் ஆறு பகுதிகள். எதை ஒட்டுவது, எங்கே ஒட்டுவது, எந்த வகை பைல் சிஸ்டம், என்னென்ன நிபந்தனைகள், கடைசியில் இரண்டு எண்கள். அந்த இரண்டையும் பூஜ்யம் என்றே போடுங்கள், பென் டிரைவுக்கு அது போதும்.

'எதை' என்ற இடத்தில் எஸ்டிஏ1 என்று எழுதினால் வேலை செய்யும். ஆனால் எழுதாதீர்கள். அது செருகிய வரிசையில் கிடைக்கும் பெயர். இன்று எஸ்டிஏ, நாளை எஸ்டிபி ஆகலாம். ஒவ்வொரு பென் டிரைவுக்கும் பார்மட் செய்யும்போது யுயுஐடி என்று ஓர் அடையாள எண் கிடைக்கிறது. பேட்32 பார்மட் செய்ததாக இருந்தால் நான்கு எழுத்து, நடுவில் ஒரு கோடு, மறுபடி நான்கு எழுத்து என்று இருக்கும். எல்-எஸ்-பி-எல்-கே என்று ஐந்து எழுத்தையும் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு கோடும் சிறிய எழுத்து எப்-பும் அடித்து என்டர் தட்டினால் இந்த எண்ணைப் பார்க்கலாம். அதையே வரியில் எழுதுங்கள்.

இன்னொன்று. பேட்32க்கு யார் பைல், யாருக்கு அனுமதி என்பதெல்லாம் தெரியாது. எப்எஸ்டேப் வழியாக மவுண்ட் ஆகும்போது எல்லா பைலும் ரூட் பயனருக்குச் சொந்தமாகிவிடும். உங்களால் எழுத முடியாது. நிபந்தனைகள் பகுதியில் யுஐடி=1000 என்று சேர்த்தால் உங்கள் பெயருக்கு வந்துவிடும். பொதுவாக முதல் பயனரின் எண் 1000.

நான் கெட்டிக்காரன் ஆன நாள்

இவ்வளவும் சரியாகச் செய்தேன். ஒரு நாள் பென் டிரைவைத் தலைவர் வீட்டில் விட்டுவிட்டு டிபன் பாக்ஸை ஆன் செய்தேன். ஒன்றரை நிமிடம் அப்படியே நின்றது. பிறகு எமர்ஜென்சி மோட் என்று திரையில் எழுதிவிட்டு, ரூட் கணக்கு பூட்டியிருக்கிறது, என்டர் தட்டு என்றது. என்டர் தட்டினாலும் ஒன்றும் ஆகவில்லை.

காரணம் இதுதான். எப்எஸ்டேப்பில் ஒரு வரி எழுதிவிட்டால், அந்தச் சாதனம் கட்டாயம் வேண்டும் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். 90 விநாடி காத்திருக்கும். வரவில்லை என்றால் மேற்கொண்டு போகாது. எஸ்டி கார்டை எடுத்து விண்டோஸில் போட்டால் அந்தப் பகுதியைப் படிக்கவே தெரியாது. லினக்ஸ் லேப்டாப் வைத்திருக்கும் நண்பரைத் தேடி ஆவடி வரை போய்த்தான் அந்த வரியைத் திருத்தினேன்.

திருத்தம் ஒரே சொல். நோபெயில். நிபந்தனைகள் பகுதியில் இதைச் சேர்த்தால், பென் டிரைவ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீ மேலே போ என்று அர்த்தம். சேர்த்தேன். டிபன் பாக்ஸ் ஜோராக ஆன் ஆனது. எனக்கு ஏகப் பெருமை.

இப்போது யோசித்துப் பாருங்கள். பென் டிரைவ் இல்லாவிட்டாலும் பெட்டி ஆன் ஆகும். 'கணக்கு' போல்டரும் இருக்கும். என் புரோகிராம் அந்த போல்டரில் பைல் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு எழுதும். திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வரும். எங்கே சேமிக்கப்பட்டது என்று நான் கேட்கவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை

எங்கள் தெருவில் மாவு அரைத்து விற்கும் ஓர் அம்மா இருக்கிறார். வாடகை வீடு. ஒரு ஞாயிறு மாலை வசூலுக்குப் போனபோது ஆறு மாதச் சந்தா 1,200 ரூபாயையும் மொத்தமாகக் கொடுத்துவிட்டார். மறு ஞாயிறு பாக்கிப் பட்டியலைப் பார்த்தால் அவர் வீட்டுக்கு நேரே 1,200 பாக்கி என்று நிற்கிறது. எனக்கு அவர் கொடுத்தது மறந்தே போய்விட்டது. வாரத்துக்கு இருபது வீடு ஏறி இறங்குகிறேன். வாசலில் மாவு வாங்க நாலு பேர் நின்றிருந்தார்கள். "அம்மா, ஆறு மாசம் பாக்கி இருக்கே" என்று கேட்டுவிட்டேன்.

"என்ன தம்பி, போன வாரம்தானே கையில குடுத்தேன்? நூறும் இருநூறுமா எண்ணிக் குடுத்தேனே."

நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். கம்ப்யூட்டரில் இல்லையே என்றேன். அந்த அம்மா திரையைப் பார்க்கவில்லை. நின்றிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் மாவை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பணப்பெட்டியை எண்ணினேன். கணக்கைவிட 2,600 ரூபாய் அதிகம் இருந்தது. பணம் குறைந்தால் நம் கைக்காசைப் போட்டு அடைக்கலாம். அதிகம் இருந்தால் அது யாருடையது? அந்த அம்மாவின் 1,200 அதில் இருக்கிறது என்று அப்போதே புரிந்துவிட்டது. மீதி 1,400 யார் யார் கொடுத்தது? இன்னும் யார் யாரிடம் போய் நான் இப்படிக் கேட்கப் போகிறேன்? ரசீதும் கொடுக்கவில்லை. காகிதம் வேண்டாம் என்று முடிவு செய்தவன் நான்தானே.

பென் டிரைவ் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். முறைப்படி அன்மவுண்ட் செய்து உருவி, விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டுச் சோதித்தேன். ஒரு பிழையும் இல்லை. பழைய கணக்கு எல்லாம் அப்படியே இருந்தது, அந்த மாலையைத் தவிர. சலித்துப்போய், பென் டிரைவ் இல்லாமலேயே டிபன் பாக்ஸில் புரோகிராமைத் திறந்தேன். ஐந்து வரிகள் வந்தன. 1,200, 200, 200, 400, 600. கூட்டினால் 2,600.

பென் டிரைவ் என் கையில் இருக்கிறது. கணக்கு திரையில் இருக்கிறது. விரிப்பை எடுத்ததும் காகிதம் தெரிந்துவிட்டது.

சாட்சி எங்கே?

பென் டிரைவ் அன்று மாலை செருகித்தான் இருந்தது. அது எனக்கு நிச்சயம். பின் ஏன் மவுண்ட் ஆகவில்லை? இதைச் சொல்ல வேண்டியது லாக். வீட்டு மின் மீட்டர் அருகில் வெள்ளை அட்டை தொங்குமே, ரீடிங் எடுக்க வருபவர் வந்த தேதியும் யூனிட்டும் எழுதிவிட்டுப் போவார். அதுபோல லினக்ஸில் ஒவ்வொரு பகுதியும் தான் செய்ததையும் முடியாமல் போனதையும் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். அதை நிர்வகிப்பது ஜர்னல்டி என்ற சர்வீஸ். படிப்பதற்கான கட்டளை ஜர்னல்சிடிஎல்.

படித்தேன். அன்று காலை ஆன் செய்ததிலிருந்துதான் இருந்தது. போன வாரம் இல்லை, நேற்றும் இல்லை. மின் அட்டையை ஒவ்வொரு மாதமும் கிழித்துப் போட்டது மாதிரி.

இது பிழை அல்ல, வேண்டுமென்றே செய்தது. எஸ்டி கார்டில் உள்ள பிளாஷ் மெமரியை இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்று வரம்பு உண்டு. லாக் என்பது நாள் முழுக்கச் சின்னச் சின்னதாக எழுதப்படும் விஷயம். அதனால் கார்டின் ஆயுள் குறையும். ஆகவே ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் அண்மைப் பதிப்புகளில் லாகை ராமில் மட்டும் வைக்கிறார்கள். ஆப் செய்தால் ராம் காலி, லாகும் காலி. உங்கள் கருவியில் எப்படி என்று பார்க்க, ஜர்னல்சிடிஎல் கட்டளையுடன் லிஸ்ட்-பூட்ஸ் என்ற ஆப்ஷனைக் கொடுங்கள். அதற்கு முன்னால் இரண்டு கோடுகள் வர வேண்டும். பல நாள் பயன்படுத்தியும் ஒரே ஒரு வரி வந்தால், பழைய கதை எதுவும் உங்களிடம் இல்லை.

மாற்றப் போனேன். ஈடிசியில் சிஸ்டம்டி போல்டருக்குள் ஜர்னல்டி.கான்ப் என்ற பைல் இருக்கிறது. அதில் ஸ்டோரேஜ்=பெர்சிஸ்டென்ட் என்று எழுதி ரீஸ்டார்ட் செய்தேன். எந்த மாற்றமும் இல்லை. ஒரு மாலை முழுக்க இதிலேயே போயிற்று. ஓஎஸ்ஸுடன் வரும் இன்னொரு துணை பைல், 40 என்ற எண்ணில் பெயர் தொடங்குவது, என் வரியை மேலெழுதிக்கொண்டிருந்தது. துணை பைல்களுக்குத்தான் முன்னுரிமை. அவற்றிலும் பெயர் வரிசையில் கடைசியில் வருவதன் பேச்சே எடுபடும். எனவே அதே சிஸ்டம்டி போல்டருக்குள் ஜர்னல்டி.கான்ப்.டி என்று ஒரு போல்டர் உருவாக்கி, அதில் 90 என்று தொடங்கி கான்ப் என்று முடியும் பெயரில் ஒரு பைல் வைத்தேன். முதல் வரி, சதுர அடைப்புக்குறிக்குள் ஜர்னல் என்ற தலைப்பு. அதன் கீழே ஸ்டோரேஜ்=பெர்சிஸ்டென்ட். அடுத்து சிஸ்டம்மேக்ஸ்யூஸ்=50எம். இந்த இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். இது இருந்தால் லாக் 50 எம்பியைத் தாண்டாது. பழையது தானாகக் கழியும்.

இன்னொரு விவரம். சாதாரணச் செய்திகளை ஜர்னல்டி 5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் கார்டில் உறுதியாகப் பதிக்கும். மிகக் கடுமையான பிழை என்றால் மட்டும் உடனே. திடீரென்று கரண்ட் போனால் கடைசிச் சில நிமிடங்கள் கிடைக்காமல் போகலாம், அதுதான் நமக்கு வேண்டிய நிமிடங்களாக இருக்கும். குற்றவாளியைப் பிடிக்கும் வரை சிங்க்இன்டர்வல்செக்=1மின் என்று வைத்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

அகப்பட்டது

மூன்றாவது வாரம் மறுபடி நடந்தது. இம்முறை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெட்டியை ஆப் செய்து, மறுபடி ஆன் செய்து, ஜர்னல்சிடிஎல்லுக்கு மைனஸ் பி, மைனஸ் 1 என்று கொடுத்தேன். இதற்கு முந்தைய முறை ஆன் ஆனதன் லாக் என்று அர்த்தம். நூற்றுக்கணக்கான வரிகள். அவற்றில் எனக்கு வேண்டியவை நான்கைந்துதான்.

முதலில் கெர்னல் சொல்கிறது, அண்டர்வோல்டேஜ். ராஸ்பெர்ரி பைக்கு 5 வோல்ட் வேண்டும், சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் இப்படிப் புலம்பும். அடுத்து, யுஎஸ்பியில் ஏதோ செருகியிருக்கிறது, ஆனால் அதன் விவரத்தைப் படிக்க முடியவில்லை என்று சில வரிகள். ஒன்றரை நிமிடம் கழித்து, சாதனத்துக்காகக் காத்திருந்து நேரம் முடிந்தது என்று ஒரு வரி. அதன் கீழே, 'கணக்கு' போல்டருக்கான மவுண்ட் தோல்வி. அதற்குப் பிறகு எல்லாம் சுமுகம். நோபெயில் இருக்கிறதே!

பவர் பேங்க் சார்ஜ் குறைந்திருந்தது. அதைப் பெட்டியுடன் இணைத்த ஒயர், செல்போன் சார்ஜ் செய்ய எப்போதோ வாங்கிய மெல்லிய ஒயர். திரையும் பென் டிரைவும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கும்போது அந்த ஒயரில் வோல்டேஜ் இறங்கிவிட்டது. திரை பிழைத்துக்கொண்டது, பென் டிரைவ் எழவில்லை. தடித்த, குட்டையான ஒயராக மாற்றியதும் அண்டர்வோல்டேஜ் வரியே வரவில்லை. மவுண்ட் செய்வதில் தவறு என்று தேடிக்கொண்டிருந்தேன். ஒயரில் இருந்தது. லாக் இல்லாவிட்டால் நல்ல பென் டிரைவைத் தூக்கி எறிந்திருப்பேன்.

லாகில் நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். 3 ஏ பிளஸ் பலகையில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. வீட்டில் வைபை இருந்தால் இன்டர்நெட்டிலிருந்து மணியைத் தெரிந்துகொள்ளும். தெருவில் ஆன் செய்தால், கடைசியாக ஆப் செய்த நேரத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். மாலையில் அந்த அம்மா கொடுத்த பணத்துக்குக் கணக்கில் காலை 11.40 என்று இருந்தது. வரிசை சரியாக இருக்கும், மணிதான் பொய். டிஎஸ்3231 என்ற சிப் உள்ள சின்னக் கடிகாரப் பலகை ஒன்று ரிச்சி தெருவில் கிடைத்தது. அதை மாட்டிய பிறகு சரி.

இப்போது எப்படி வைத்திருக்கிறேன்

ஒயரை மாற்றியதோடு விடவில்லை. நாளைக்கு வேறு காரணத்தால் பென் டிரைவ் வராமல் போகலாம். வராவிட்டால் பெட்டி ஆன் ஆக வேண்டும், ஆனால் கணக்கு எழுத விடக் கூடாது. இதுதான் எனக்கு வேண்டியது.

நான் செய்ததில் மிகச் சுலபமானதும் மிகப் பயனுள்ளதும் இது. பென் டிரைவை அன்மவுண்ட் செய்து, அடியில் மறைந்திருந்த ஐந்து வரிகளையும் வேறு இடத்துக்கு நகர்த்திக் காலி போல்டர் ஆக்கினேன். பிறகு சி-எச்-ஏ-டி-டி-ஆர் என்ற கட்டளையை ரூட் அனுமதியோடு கொடுத்து, கூட்டல் குறியும் ஐ எழுத்தும் சேர்த்து, அந்த போல்டரின் பெயரைக் கொடுத்தேன். இனி அந்த வெறும் போல்டரில் யாரும், ரூட் பயனர்கூட, பைல் உருவாக்க முடியாது. பென் டிரைவ் மவுண்ட் ஆனால் இந்தப் பூட்டு அடியில் போய்விடும். பென் டிரைவில் வழக்கம்போல் எழுதலாம். மவுண்ட் ஆகாவிட்டால் என் புரோகிராம் எழுத முயன்று பிழை வாங்கும். அந்தப் பிழையைத் திரை முழுக்கச் சிவப்பாகக் காட்டும்படி மாற்றினேன். 'கணக்கு' போல்டர் உண்மையிலேயே மவுண்ட் பாயிண்டாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை எழுதும் முன்பும் புரோகிராம் சோதிக்கிறது. பைத்தானில் அதற்கு ஈஸ்மவுண்ட் என்று தயாராக ஒரு பங்ஷனே உண்டு.

எப்எஸ்டேப்பிலும் இரண்டு சொற்கள் சேர்ந்தன. எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் என்பது ஒன்று. இதைப் போட்டால் ஆன் ஆகும்போது பென் டிரைவைத் தேடாது. நீங்கள் அந்த போல்டரைத் தொடும்போது தேடும். மற்றொன்று எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=5. 90 விநாடிக்குப் பதில் 5 விநாடிதான் காத்திருக்கும். நோபெயில் அப்படியே இருக்கட்டும். அது கெட்டதல்ல.

எப்எஸ்டேப்பைத் தொடும் முன் அதற்கு ஒரு நகல் எடுங்கள். திருத்திய பிறகு உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். எப்-ஐ-என்-டி-எம்-என்-டி என்ற கட்டளைக்கு வெரிபை ஆப்ஷன் கொடுத்தால் எழுத்துப் பிழைகளைச் சொல்லிவிடும். ஆவடி வரை போகும் வேலை மிச்சம். பேட்32 பென் டிரைவுக்கு ஜர்னலிங் என்ற பாதுகாப்பு கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது உருவினால் பைல் சிதையும். விண்டோஸிலும் படிக்க வேண்டாம் என்றால் ஈஎக்ஸ்டி4 ஆக பார்மட் செய்துகொள்ளுங்கள். அப்போது யுஐடி நிபந்தனையை எடுத்துவிட வேண்டும். எனக்குத் தலைவரின் கம்ப்யூட்டரை நினைத்தால் பேட்32தான் சரி.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பாருங்கள். பென் டிரைவை உருவிவிட்டு ஆன் செய்து, ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பச்சை வந்தால் இன்னும் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. சிவப்புதான் வர வேண்டும்.

அந்த ஐந்து வரிகளையும் பென் டிரைவுக்கு மாற்றிய மறுநாள் காலை மாவு வாங்கப் போனேன். கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். "அம்மா, நீங்க குடுத்தது உண்மை. என் மெஷின்லதான் தப்பு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "மெஷினு என்ன தம்பி பண்ணும்" என்று சொல்லிக்கொண்டே மாவைக் கட்டிக் கொடுத்தார். பிறகு, "ஒரு சீட்டு எழுதிக் குடுத்துடு" என்றார்.

கார்பன் பேப்பர் வைத்த புது ரசீதுப் புத்தகம் ஒன்று இப்போது டிபன் பாக்ஸோடு கூடவே வருகிறது. இரவில் அதை வைப்பது அலமாரியின் மேல்தட்டில்.